ஆட்டோமேட்டிக் மட்டும்

ஜனவரி 11

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். "ம்" என்றால் நலமா, நலமில்லையா என்று எந்த அகராதியிலும் போடவில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

அப்பா கார் வாங்கப் போகிறார். வெள்ளை நிறம் என்பதில் சண்டை இல்லை. மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்பதில்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா, "ஆட்டோமேட்டிக் ஒண்ணும் பாக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா வாயில் சோற்றோடு சிரித்ததில் ஒரு பருக்கை பறந்து தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்தார்.

பிறகு அந்தப் பழைய கதையைச் சொன்னார். எனக்கு ஒரு வயதாக இருந்தபோது அம்மா உங்கள் பட்டறையில் கார் பழக வந்ததும், முதல் நாளே கியர் பாக்ஸின் பல்லை உடைத்ததும். "வண்டி நடுரோட்டுல கல்லு மாதிரி நின்னுடுச்சு. திறந்து பாத்தா பல்லெல்லாம் மை குடிச்ச மாதிரி நீலம். பல்லுடைச்ச மகராசி." வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்கிறார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போவாள்.

நீங்கள்தான் கியர் பாக்ஸ் டாக்டர். (உங்கள் பட்டறைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார்.) இரண்டில் எது சிறந்தது என்று காரணங்களோடு எழுதுங்கள். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசிப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் புத்தகப்பூச்சி


ஜனவரி 26

என் பூச்சிக்கு,

சித்தப்பா நலம். முதுகு காருக்கடியில் படுக்கும்போது மட்டும் வலிக்கிறது. நான் காருக்கடியில்தான் படுக்கிறேன், அதனால் கணக்குப் போட்டுக்கொள்.

கேள்விக்கு வருகிறேன். மேனுவல்தான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி. உடம்பு சரியாக இருக்கும்வரை கவுரவம், படுத்துவிட்டால் எந்த ஊர் வைத்தியனாலும் எழுப்ப முடியாது. மேனுவலை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். நெரிசலில் இடது கால் வலிக்கும், உண்மைதான். ஆனால் மேட்டில் இழுக்கும், எரிபொருள் செலவு கொஞ்சம் குறையும், பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். வண்டி என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் அழகான தமிழில் மாற்றி வாசி. பற்சக்கரப் பெட்டி என்றெல்லாம் போடாதே. கியர் பாக்ஸ் என்றே சொல், அதற்கு அந்தப் பெயர்தான் பழகியிருக்கிறது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். நன்றாகப் படி.

அன்புடன்,
சித்தப்பா


பிப்ரவரி 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் உடல்நலம் பற்றித் தெரிந்துகொண்டேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை கடிதத்தை வாசித்தேன். நிறுத்தக்குறி விடாமல், செய்தி வாசிப்பவர் மாதிரி. மாப்பிள்ளை வரிக்கு அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார். "முடிஞ்சுது. டாக்டரே எழுதிட்டான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், சாப்பாட்டுப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அம்மாவின் படம், அம்மாவின் பெயர். போன வருடம் நான்கு மாதம் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் கூடுதல் வேலை என்று போனாளே, அது கார் பழகத்தான். உரிமத்தின் கீழே சின்ன எழுத்தில் "ஆட்டோமேட்டிக் மட்டும்" என்று அச்சடித்திருக்கிறது. அதை வைத்து மேனுவல் ஓட்டினால் குற்றம்.

காரணம் இதுதான். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய கிளை திறந்திருக்கிறது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அம்மாவைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் ஊசியும் குழாயுமாக இருந்தவள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் ஏழு பத்துக்கு. மார்ச் 31க்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அப்பா அட்டையை, கடைக்கு வரும் கிழவர்கள் எழுத்தைப் படிப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குச் சின்ன எழுத்து தெரியாமலா இருக்கும். "ஆட்டோமேட்டிக் மட்டும்னு போட்டிருக்கான் பாரு. பாதி டிரைவர்" என்றார். பல்லிடுக்கில் இருந்ததைக் குத்த அந்த அட்டையின் முனையையே எடுத்தார், சித்தப்பா. அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தாள்.

எது சிறந்தது என்று கேட்டேனே தவிர, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. நீங்கள் இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஆட்டோமேட்டிக்கும் நல்லது என்று உங்கள் வாயால் சொன்னால் அப்பா கேட்பார்.

அவசரமாக,
பூச்சி


பிப்ரவரி 24

பூச்சிக்கு,

நலம். பட்டறையில் வேலை அதிகம், அதனால் தாமதம்.

ஆட்டோமேட்டிக்கும் இப்போது நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அண்ணன் வீட்டு விஷயத்தில் நான் நடுவில் வருவது சரியாக இருக்காது. இதை மேசையில் வாசிக்க வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். பரீட்சை எப்போது?

சித்தப்பா


மார்ச் 1

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பரீட்சை ஏப்ரலில்.

நேற்று ஷோரூமுக்குப் போனோம். விற்பனைக்காரர் பூசியிருந்த சென்ட் தொண்டைக்குள் போய் இனித்தது. அவருடைய சுண்டுவிரல் நகம் மட்டும் நீளம். அந்த நகத்தால்தான் காரின் சிறப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். பின்னால் எடுக்கும்போது சென்சார் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். அவர் அப்பாவைப் பார்த்து, "இருக்கு சார்" என்றார். எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டாள். "மூணு வருஷம் சார்." மூன்றாவது கேள்வியை அம்மா கேட்கவில்லை.

"மேடத்துக்குன்னா ஆட்டோமேட்டிக் குடுக்கலாம் சார். ஓட்டத் தெரியாதவங்கதான் அதைக் கேப்பாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே அச்சில் வார்த்த சிரிப்பு. எங்களுக்குக் கொடுத்த காபியில் ஆடை படிந்திருந்தது. அது உதட்டில் ஒட்டியபோது எனக்குக் குமட்டியது. காபியாலா, சிரிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது அப்பா என்னிடம் காரணம் சொன்னார். "ஆட்டோமேட்டிக் வாங்கினா எல்லாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. மேனுவல்னா வண்டி நம்ம கையில இருக்கும்." எங்கள் வீட்டில் மூன்று பேர். எனக்குப் பதினான்கு வயது. அந்த "எல்லாரும்" யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஒரே நாள்ல பல்லை உடைச்சவளை நம்பி எவன் சாவியைக் குடுப்பான்" என்றார்.

இந்தப் பல் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நூலகத்தில் மோட்டார் வாகனப் பாடநூல் ஒன்றை எடுத்திருக்கிறேன். யாரோ ஒட்ட வைத்த மூக்குச்சளி பக்கம் 88இல் காய்ந்திருக்கிறது. பக்கம் 89தான் எனக்கு வேண்டியது. தாளின் மேல்முனையைப் பிடித்துத் திருப்பினேன். படித்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: கியர் மாற்றத் தெரியாத ஒருவர் ஒரே காலையில் பல் நீலமாகும்படி செய்ய முடியுமா?

இப்படிக்கு,
பூச்சி


மார்ச் 19

சித்தப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாடநூலை இரண்டு முறை படித்துவிட்டேன். புதிதாக ஓட்டுபவர் கிளட்சைத் தேய்ப்பார், கருக்குவார். கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வரவைப்பார். இன்ஜினை அணைத்துக்கொண்டே இருப்பார். மிஞ்சினால் ஒரு பல்லின் ஓரம் உடையும். பல் எல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து, தண்டு இறுகி, வண்டி கல்லாக நிற்பதற்கு அதில் ஒரே ஒரு காரணம்தான் எழுதியிருக்கிறது. உள்ளே ஆயில் இல்லாதது.

கியர் பாக்ஸுக்கு ஆயில் ஊற்றுவது ஓட்டுபவர் வேலையா, சித்தப்பா?

இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் கேட்கிறேன். மார்ச் 31க்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

பூச்சி


ஏப்ரல் 3

சித்தப்பாவுக்கு,

கார் வந்துவிட்டது. வெள்ளை, மேனுவல். அப்பா இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் தொடை வேர்த்து ஒட்டிக்கொள்கிறது, எழுந்தால் தோல் உரிவதுபோல் சத்தம். சாவியால் காது குடைகிறார்.

அம்மா ஆஸ்பத்திரியில் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஜூன் கடைசி வரை அவகாசம் கேட்டிருக்கிறாள். அதுவரை வேறொருவர் பொறுப்பில் இருக்கிறார். அவரையே நிரந்தரமாக்கிவிடலாம் என்று பேச்சு இருக்கிறதாம்.

நீங்கள் நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். மறந்துவிட்டது.

அண்ணன் மகள்


ஏப்ரல் 12

என் பூச்சிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்து எழுதுகிறேன்.

நீ படித்தது சரி. அது என் வேலை.

அப்போது பட்டறை திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி ஒரு வாடிக்கையாளருடையது, என்னுடையது இல்லை. கியர் பாக்ஸை இறக்கி, சரி செய்து, மாட்டி முடித்தேன். ஆயில் ஊற்றப் போகும்போது யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது ஊற்றிவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன். மறுநாள் காலை அண்ணி பழக வந்தாங்க. எப்படியும் ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டி, இதிலேயே பழகட்டும் என்று கொடுத்தேன். அதுவே தப்பு.

அண்ணி நன்றாக ஓட்டினாங்க. கிளட்ச் கால் சீக்கிரமே பழகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும், "தம்பி, ஏதோ சத்தம் கேக்குது" என்றாங்க. "ஓட்டுங்க அண்ணி, இப்பத்தான் மாட்டினது, அப்படித்தான் பாடும்" என்றேன். இன்னொரு தரமும் சொன்னாங்க. அதற்கும் அதையே சொன்னேன். வண்டி நின்றுவிட்டது.

திறந்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றார். "அவ உடைச்சுட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். வாடிக்கையாளரும், பொம்பளை ஓட்டினால் அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். பட்டறை தப்பித்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அண்ணன் அதைக் கதையாக்கிவிட்டார்.

மேயில் அங்கே வருகிறேன். அண்ணனிடம் நானே நேரில் சொல்கிறேன். அதுவரை இதை யாருக்கும் காட்டாதே.

சித்தப்பா


ஏப்ரல் 22

சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

அம்மாவிடம் காட்டினேன். யாருக்கும் என்று நீங்கள் எழுதியது அம்மாவைச் சேர்த்து என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தாள். "நான் சத்தம் கேக்குதுன்னு சொன்னேன்ல" என்றாள். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "சொன்னேன்" என்றாள். பிறகு மீதித் துணியை மடித்து முடித்தாள். ஒரு சட்டையை மூன்று முறை மடித்தாள்.

நீங்கள் வந்து சொல்லும்வரை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். "அவரே வந்து சொல்றேங்கிறார்ல" என்றாள். உங்களுக்குக் கொடுக்கும் இந்த மரியாதை எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அது அம்மாவுடையது, அதனால் விட்டுவிட்டேன்.

மே மாதம் காத்திருக்கிறோம்.

அண்ணன் மகள்


மே 30

பூச்சிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நாலு நாளும் நன்றாகக் கவனித்துக்கொண்டீர்கள். அண்ணி கை சாப்பாடு ருசி குறையவே இல்லை.

பேசுவதற்குச் சமயம் அமையவில்லை. உனக்கே தெரியும், வீட்டில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அடுத்த முறை கட்டாயம்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்தை ஒரு உறையில் போட்டு எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. அல்லது நீயே கிழித்துவிட்டாலும் சரி. இங்கே தொழில் இப்போதுதான் நன்றாகப் போகிறது.

அன்புடன்,
சித்தப்பா


ஜூன் 21

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஜூன் 4ஆம் தேதியே வந்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை.

சமயம் அமையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு மதியம் மேசையில் பதினொரு பேர் இருந்தோம். அப்பா பல்லுடைச்ச கதையைத் தொடங்கி, மை குடித்த நீலம் வரும்போது, "டாக்டரே இங்க இருக்கான், கேட்டுக்கோங்க" என்று உங்கள் முதுகில் தட்டினார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். அதைவிட நல்ல சமயத்தை யாராலும் செய்து தர முடியாது. நீங்கள் சிரித்தீர்கள். வாயைத் திறக்காத சிரிப்புதான், ஆனாலும் சிரித்தீர்கள். எதிரே நின்று அம்மா உங்கள் தட்டில் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து குளியலறைக்குப் போனேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் கிளம்பிய வாரமே கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மாவிடம் இம்முறை அனுமதி கேட்கவில்லை. அப்பா ஒரு மூக்குக் கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "பாவம், அப்ப அவன் சின்னவன். பயந்திருப்பான்" என்றார். முதலில் வந்த வார்த்தை அதுதான். நான் காத்திருந்தேன். இரண்டாவதாக, "இதைப் போய் வெளியில சொல்லிட்டுத் திரியாதே" என்றார். அம்மாவைப் பற்றிய வார்த்தை மூன்றாவதாகவாவது வரும் என்று கடை மூடும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "சரி, அவ்வளவு ஆசைன்னா வண்டியை ஆட்டோமேட்டிக்கா மாத்திக்கலாம்" என்றார். சில்லறை போடுகிறவர் குரல். அம்மா கேட்டாள்: "தம்பி எழுதினதைப் படிச்சீங்களா?" வாசித்துக் காட்டியதாகச் சொன்னார்.

"அப்ப மாத்த வேணாம். நான் இன்னைக்கு ஆஸ்பத்திரியில சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமையிலிருந்து காலையில அஞ்சு இருபதுக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்க. மேனுவல் லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும்."

"தினமுமா? கடை பத்து மணிக்குத்தானே?"

"எனக்கு ஆறு மணிக்கு."

அப்பா ஏதோ வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினார். பல் என்ற சொல் அதில் இருந்தது. அம்மா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தக் கதை கேட்கவில்லை.

இப்போது தினமும் ஐந்து இருபதுக்கு அப்பா கண்ணில் பீளையோடும் தலையணை மடிப்பு பதிந்த கன்னத்தோடும் கிளம்புகிறார். பாலத்தில் அந்நேரமே லாரிகள் நெருக்கமாம். முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல். சாயங்காலம் இடது முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு, நாற்றத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா சனி, ஞாயிறுகளில் பயிற்சிப் பள்ளியில் மேனுவல் ஓட்டுகிறாள். சொல்லிக்கொடுக்கும் அக்கா, "உங்களுக்கு இது ஏற்கெனவே வரும் போலிருக்கே" என்றாராம். தேர்வு ஜூலை 18.

கடிதத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். அது உங்களுடையது இல்லை. எழுதியது மட்டும்தான் நீங்கள். இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வரியாவது எழுதச் சொல்லி அம்மாவிடம் தாளை நீட்டினேன். திட்டவாவது எழுதுவாள் என்று நினைத்தேன். தாளைப் பார்த்தாள். "எனக்கு நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்டீ" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

அண்ணன் மகள்